உறுப்பினர் அவையில் இல்லை

மேலவை உறுப்பினர் ஒருவர் காலமாகிவிட்டால், அவைத் தலைவர் அதை எழுந்து நின்று வாசிக்கும்வரை, அவையைப் பொறுத்தமட்டில் அவர் உயிரோடுதான் இருக்கிறார். வாசித்ததும் எல்லோரும் எழுந்து தலை குனிந்து நிற்பார்கள். அதோடு அன்றைய கூட்டம் கலைந்துவிடும். வேறு எந்த அலுவலையும் எடுப்பதில்லை. யார் ஏற்படுத்திய வழக்கமோ, இதுவரை யாரும் மீறியதில்லை.

அதனால்தான் அன்று காலையில் வந்த தொலைபேசிச் செய்தி செயலாளர் அம்மாளின் கையைக் கட்டிப்போட்டது.

அவையின் நடு மேசையில், தலைவரின் காலடியில் உட்கார்ந்து, அடுத்து என்ன அலுவல், அடுத்து யார் பேச வேண்டும் என்று தாள் தாளாக மேலே நீட்டிக்கொண்டிருப்பவர் அவர். தலைவரின் வாயிலிருந்து வரும் வார்த்தைகளில் முக்கால்வாசி அந்த அம்மாள் எழுதிக் கொடுத்ததுதான். செய்தி சொன்னது ஒரு காரோட்டி. அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னார்.

"ஐயா போயிட்டாரும்மா. வண்டியில வரும்போதே நெஞ்சப் பிடிச்சாரு. ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சுபோச்சு. அம்மாவுக்குப் போன் பண்றேன், எடுக்க மாட்டேங்கிறாங்க."

ஐயா என்றால் டொக்டொக். பேச எழுந்தால் முதலில் மைக்கை விரல் நுனியால் இரண்டு தட்டுத் தட்டுவார். ஒலிபெருக்கிகள் எல்லாம் 'டொக், டொக்' என்று சொன்ன பிறகுதான் 'தலைவர் அவர்களே' என்பார். மைக் வேலை செய்கிறது என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்கமாட்டார். எதிர்க்கட்சியினர் வைத்த பெயர் அது, பிறகு சொந்தக் கட்சிக்காரர்களும் அப்படியே கூப்பிடத் தொடங்கினார்கள். அவருக்கும் கோபம் வந்ததில்லை.

செயலாளர் ரிசீவரை வைப்பதற்குள் ஆளுங்கட்சிக் கொறடா கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். எந்த மசோதாவுக்கு எத்தனை பேர் வருவார்கள், யார் பேசுவார்கள், யார் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள் என்பதெல்லாம் அவர் பொறுப்பு.

"கேள்விப்பட்டேன்மா. பாவம், நல்ல மனுஷன்" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "செய்தி எழுத்துல வந்துதா?"

"போன்லதான் வந்துது."

"அப்ப இன்னும் வரலை."

செயலாளர் அன்றைய அலுவல் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இன்னைக்குக் கூட்டத்தொடரோட கடைசி நாள். மசோதா இன்னைக்கு நிறைவேறலைன்னா செத்துப்போகும். மறுபடியும் கீழவையில முதல்லேருந்து அரைக்கணும். நீங்க இப்ப இரங்கல் தாளை நீட்டுனா, தலைவர் வாசிப்பாரு, எல்லாரும் வீட்டுக்குப் போவோம். மத்தியானம் மசோதா முடிஞ்சதும் வாசிங்க, நானே முதல் ஆளா எழுந்து நிக்கிறேன். கொஞ்ச நேரம் பொறுத்தா என்ன? அவருக்கு இனிமே என்ன அவசரம்?"

கடைசி வாக்கியம் கொஞ்சம் அதிகம் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவர் பேர் இன்னைக்குப் பேச்சாளர் வரிசையில இருக்கு சார்" என்றார் செயலாளர். "அதை அடிக்கணும்னா அவரே எழுதிக் கொடுக்கணும். இல்லைன்னா இரங்கல் வாசிக்கணும். ரெண்டும் இல்லாம நான் தொட முடியாது."

"தொடாதீங்க. கூப்பிடட்டும். மூணு தரம் கூப்பிட்டு, 'உறுப்பினர் அவையில் இல்லை'ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளுக்குப் போகட்டும். தினமும் நடக்குறதுதானே?"

உண்மைதான். தினமும் நடப்பதுதான். சாப்பாட்டுக்குப் போனவர்கள், தூங்கப் போனவர்கள், வெளியே நின்று சிகரெட் பிடிப்பவர்கள் எல்லோரையும் தலைவர் மூன்று தரம் கூப்பிடுவார், பிறகு அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

"அவங்க வீட்டம்மாவுக்கு யார் சொல்றது?"

"வீட்டுக்கு ஆள் அனுப்பியாச்சு. அதெல்லாம் நீங்க கவலைப்படாதீங்க."

தலைவரிடம் போய் நின்றபோது அவரும் மென்று விழுங்கினார். ஓய்வுபெற்ற பேராசிரியர். குரல் உயர்த்தாதவர், அதனாலேயே அந்த நாற்காலிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். "எழுத்துல வரலைன்னு கொறடா சொல்றாரே" என்றார், கண்ணாடியைத் துடைத்தபடி. துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

செயலாளர் இரங்கல் தாளைத் தட்டச்சு செய்து, நீல உறைக்குள் வைத்து, மற்றத் தாள்களுக்கு அடியில் செருகிக்கொண்டு அவைக்குள் போனார். மேசையில் உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றி நிமிர்ந்தவர், அப்படியே உறைந்துவிட்டார்.

பார்வையாளர் மாடத்தின் முன்வரிசையில் டொக்டொக்கின் மனைவி உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு அனுப்பிய ஆள் பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டிருப்பான். காரோட்டி இன்னும் போன் அடித்துக்கொண்டிருப்பார். மாடத்துக்குப் போகிறவர்கள் கைப்பேசியை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் ஏற முடியும். அந்த அம்மாள் காலையிலேயே பஸ் பிடித்துத் தனியாக வந்திருக்கிறார். காது கொஞ்சம் மந்தம் என்பதால், இருக்கையோடு இருக்கும் இயர்போனை இப்போதே மாட்டிக்கொண்டுவிட்டார். செயலாளரைப் பார்த்ததும் சிரித்துக் கையசைத்தார்.

அன்றைக்கு அவர் வந்ததற்குக் காரணம் இருந்தது. நிறைவேற வேண்டிய மசோதா, காணாமற்போனவர்களைப் பற்றியது. குறிப்பிட்ட காலத்துக்குள் கிடைக்காதவர்களை இறந்தவர்களாகப் பதிந்து, தேடும் வேலையை முடித்துவிடலாம் என்பது அதன் சாரம். கோப்புகள் மலைபோல் குவிந்துவிட்டன, குடும்பங்களும் ஒரு முடிவுக்கு வர வேண்டாமா என்றார் அமைச்சர். அந்த அம்மாளின் ஒரே மகன் கப்பலில் வேலைக்குப் போனவன். கப்பல் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது, அவன் வரவில்லை. பெட்டி இருந்தது, துணிமணி இருந்தது, பாதி குடித்த தண்ணீர் பாட்டில்கூட இருந்தது. கடலில் விழுந்தான் என்றார்கள், யாரும் பார்க்கவில்லை. வழியில் ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கியிருப்பான் என்றார்கள், அதையும் யாரும் பார்க்கவில்லை. மசோதா நிறைவேறினால் அவன் இறந்தவன். அவ்வளவுதான்.

சொந்தக் கட்சியின் மசோதாதான், ஆனாலும் அதை எதிர்த்து இன்று பேசப்போகிறேன், வந்து கேள் என்று கணவர் சொல்லியிருந்தார். வந்துவிட்டார்.

மாடத்துக்கு ஏறிப் போய்ச் சொல்லலாம் என்றால், அவை தொடங்கும் மணி அடித்துவிட்டது, அதன் பிறகு மேசையை விட்டு எழுந்து பழக்கமில்லை. ஒரு துண்டுச் சீட்டு எழுதி அனுப்பலாம் என்றால், துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புகிற விஷயமா அது. அதற்குள் தலைவர் வந்து உட்கார, விவாதம் தொடங்கிவிட்டது.

ஆளுங்கட்சியில் ஒருவர் பேசினார். எதிர்க்கட்சியில் ஒருவர் பேசினார். மாடத்தில் இருந்த அம்மாள் வாசல் பக்கம் பார்ப்பதும், கணவரின் காலி இடத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். அவையின் நாற்காலிகள் வில் வைத்தவை. ஆள் உட்கார்ந்தால் விரியும், எழுந்தால் படக்கென்று தானாக மடிந்துகொள்ளும். டொக்டொக்கின் நாற்காலி மடிந்தே இருந்தது.

அவர் முறை வந்தது. செயலாளர் தாளை நீட்டினார்.

தலைவர் உறுப்பினரின் பெயரைச் சொன்னார். யாரும் எழவில்லை. இரண்டாம் தரம் சொன்னார். கொறடா தன் இடத்தில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் தரம் சொல்லிவிட்டு, "உறுப்பினர்..." என்று அந்தப் பழகிப்போன வாக்கியத்தைத் தொடங்கினார்.

டொக்டொக்கின் மேசையில் மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது.

டொக், டொக்.

கூரையில் இருந்த எல்லா ஒலிபெருக்கிகளிலும் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. மைக் திறந்திருக்கும்போது வரும் அந்த மெல்லிய இரைச்சல் மட்டும்.

விஷயம் தெரியாதவர்கள் சிரித்தார்கள். "எங்கய்யா ஒளிஞ்சிருக்கீரு?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. விஷயம் தெரிந்தவர்கள் சிரிக்கவில்லை. அவர்களின் முகத்தைப் பார்த்ததும், சிரித்தவர்களும் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள்.

செயலாளர் மேசைக்கு அடியில் இருந்த உள்தொலைபேசியை எடுத்தார். மேலே கண்ணாடி அறைக்குள் இருக்கும் மைக் இயக்குபவர் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார், தோளுக்கும் காதுக்கும் நடுவில் ரிசீவர்.

"நான் தொடவே இல்லைம்மா. இங்க அணைஞ்சுதான் இருக்கு."

"எரியுது."

"எனக்கும் தெரியுதும்மா எரியுறது. இங்க அணைஞ்சிருக்குன்னுதான் சொல்றேன்."

தலைவர் செயலாளரைக் குனிந்து பார்த்தார். செயலாளர் அடுத்த பெயரைக் காட்டினார். தலைவர் அதைச் சொன்னார். அடுத்தவர் எழுந்தார். தொண்டைக்காரர், மைக் இல்லாமலே தெருக்கோடிவரை கேட்கும்படி பேசுகிறவர். அவர் மைக்கில் விளக்கு வரவில்லை. அந்த அவையில் ஒரு நேரத்தில் ஒரு மைக்தான் எரியும்.

"எனக்கு எதுக்கு மைக்" என்று கையை உதறிவிட்டுப் பேசத் தொடங்கினார்.

அவர் வாய் அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. குரல் அவர் மேசையைத் தாண்டவில்லை. பக்கத்து இருக்கைக்காரரே காதைக் கிட்டக் கொண்டுபோனார். அவருக்கே அது புரிந்தபோது கையால் தொண்டையைத் தடவிக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். மைக்கின் இரைச்சல் மட்டும் நின்றபாடில்லை. எல்லோருக்கும் தெரிந்த அமைதி அது. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது, மற்றவர்கள் குறுக்கிடாமல் இருக்கும் அமைதி.

டொக்டொக்குக்கு ஒதுக்கிய நேரம் முடிந்ததும் தலைவர் மணியை அடித்தார். விளக்கு அணையவில்லை. இரண்டாம் மணி அடித்தார். உயிரோடு இருந்த காலத்திலும் டொக்டொக் இரண்டாம் மணிக்கு உட்கார்ந்ததில்லை. "உறுப்பினர் உரையை முடித்துக்கொள்ள வேண்டும்" என்று தலைவர் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு, யாரிடம் சொன்னோம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டார்.

டொக்டொக்குக்குப் பக்கத்தில் இருந்தவர் தாள்களை அள்ளிக்கொண்டு எழுந்து தூரமாகப் போய் உட்கார்ந்தார். பின்னால் இருந்தவரும் போனார். சற்று நேரத்தில் அந்த நாற்காலியைச் சுற்றி ஒரு வட்டம் காலியாகிவிட்டது.

கொறடா முதுகை வளைத்துக்கொண்டு மேசைக்கு வந்தார். "ஏதாவது பண்ணுங்கம்மா. பவரைப் பிடுங்கச் சொல்லுங்க."

"பிடுங்கியாச்சு சார்."

"பின்ன?"

செயலாளர் மாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் முன்பக்கம் சாய்ந்து, கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி, இயர்போனை ஒரு விரலால் காதோடு அழுத்திக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை. நடுநடுவே தலையை ஆட்டினார்.

செயலாளர் பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்தார். அவை நடக்கும்போது மேசை காலியானதை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. பக்கவாட்டுப் படிகளில் ஏறினார். காலடிச் சத்தம் அவருக்கே கேட்கவில்லை.

மாடத்தில் போய் அந்த அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தார். சொல்ல வேண்டியதை ஏறும்போதே நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"அக்கா..."

"இரும்மா" என்று அந்த அம்மாள் கையை அழுத்தினார். "முக்கியமான இடம்."

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து முடிக்கும்வரை செயலாளர் பொறுத்தார். பிறகு, "அக்கா, அண்ணன் காலையில..." என்றார்.

"தெரியும்மா. முதல்ல அதைத்தான் சொன்னாரு." கண்ணைக் கீழே இருந்த விளக்கிலிருந்து எடுக்காமலே பேசினார். "'தலைவர் அவர்களே, நான் இன்று காலை காலமாகிவிட்டபடியால் என் உரையைச் சுருக்கிக்கொள்கிறேன்'னாரு. எங்க சுருக்குனாரு? உனக்குத்தான் தெரியுமே, இவரு சுருக்குற லட்சணம்."

செயலாளர் பக்கத்து இருக்கையின் இயர்போனை எடுத்துக் காதில் வைத்தார். அதே இரைச்சல். கழற்றிவிட்டார்.

"எனக்கு எதுவும் கேட்கலைக்கா."

"உங்களுக்கெல்லாம் அவர் பேசுறது என்னைக்குக் கேட்டுது" என்றார் அந்த அம்மாள். சொன்னதில் கசப்பு இல்லை. வீட்டில் பேசுவதுபோல் இருந்தது.

கீழே நாற்காலி தானாக விரிந்தது. வில் முனகும் சத்தம் கேட்டது. ஒருவர் பேசி முடித்துவிட்டு, மூட்டுவலியோடு, மெதுவாக உட்காரும்போது கேட்கிற சத்தம். முன்வரிசையில் யாரோ 'ஐயோ' என்றார். விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

அந்த அம்மாள் இயர்போனைக் கழற்றி அதன் கொக்கியில் மாட்டினார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"முடிச்சிட்டாரு. போய் வாசிக்கச் சொல்லும்மா. போகணும்னு காத்துக்கிட்டிருக்காரு. நீங்க சொல்லாம அவர் எப்படிப் போவாரு?"

செயலாளர் இறங்கி வந்தார். மற்றத் தாள்களை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்த நீல உறையை எடுத்தார். கொறடா குறுக்கே வந்து மெல்லிய குரலில் சொன்னார்.

"யோசிச்சுப் பண்ணுங்க. வாசிச்சா மசோதா போச்சு. என் வேலையும் போச்சு, உங்க வேலையும் போகும்."

"வாசிக்காட்டி அந்த விளக்கு போகாது சார். அடுத்தவர் பேச முடியாது, அடுத்தவர் பேசாம நீங்க ஓட்டுக்கு விட முடியாது." செயலாளர் டொக்டொக்கின் இருக்கையைக் கண்ணால் காட்டினார். "இல்லைன்னா நீங்களே போய், கையால அணைச்சிட்டு வாங்க. இந்தா, பத்து அடிதான்."

கொறடா திரும்பிப் பார்த்தார். விரிந்திருந்த நாற்காலியின் மெத்தை, யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் நடுவில் அமுங்கியிருந்தது. அவர் இரண்டடி வைத்தார். மைக்கின் இரைச்சலுக்குள் ஒரு மூச்சு கேட்டது, ஏதோ சொல்லத் தொடங்குபவர் இழுக்கும் மூச்சு. கொறடா நின்றார். பிறகு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, மறுபடியும் நகத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

செயலாளர் நீல உறையை மேலே நீட்டினார்.

தலைவர் வாங்கிக்கொண்டு எழுந்து நின்றார். அன்று அவர் குரல் வழக்கத்தைவிட உரக்க இருந்தது. "இந்த அவையின் மூத்த உறுப்பினர்..." என்று பெயரைச் சொன்னபோது எல்லா நாற்காலிகளும் படபடவென்று மடிந்தன, எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஒன்று மட்டும் மடியவில்லை. தலைவர் அந்தத் திசையைப் பார்க்காமல் வாசித்தார். "...இன்று காலை காலமானார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் அவைக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்."

விளக்கு அணைந்தது. கடைசியாக ஒரு நாற்காலி படக்கென்று மடிந்தது.

அதற்குப் பிறகுதான் குளிர்சாதனத்தின் சத்தமும், வெளியே தெருவில் போகும் பஸ்ஸின் சத்தமும் கேட்கத் தொடங்கின. இவ்வளவு நேரம் அந்தச் சத்தங்கள் கேட்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. தலைவர் கூட்டத்தை ஒத்திவைத்தார். மசோதா வாக்கெடுப்புக்கு வராமலே காலாவதியானது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வாசலில் நெரிசல் இருந்தும், டொக்டொக்கின் வரிசை வழியாக யாரும் வெளியேறவில்லை.

செயலாளர் மாடத்தின் வாசலுக்கு ஓடியபோது அந்த அம்மாள் காவலரிடம் கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தார். தவறிய அழைப்புகளைப் பார்த்தார், ஒன்றையும் திருப்பி அழைக்கவில்லை. பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிக்கு எந்தப் பஸ்ஸும்மா?"

"பஸ்ஸெல்லாம் வேண்டாம்கா, நானே கூட்டிட்டுப் போறேன்."

இரண்டு பேரும் படி இறங்கினார்கள். செயலாளர் அவர் கையைப் பிடித்திருந்தார். அந்தக் கை அவர் கையைவிட உறுதியாக இருந்தது. பாதிப் படியில் செயலாளரால் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, முக்கியமான இடம்னு சொன்னீங்களே. என்ன சொன்னாரு?"

அந்த அம்மாள் நின்று மூச்சு வாங்கினார்.

"அங்க போன உடனே முதல் வேலையா நம்ம பையனைத் தேடுனாராம். வரிசை வரிசையா ஆளுங்க உட்கார்ந்திருக்காங்களாம், எவ்வளவு தூரம் போனாலும் முடியலையாம். நடுவுல நின்னுக்கிட்டு அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாராம். மூணு தரம் கூப்பிட்டாராம். யாரும் எழுந்திருக்கலையாம்."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுத்த படியில் கால் வைத்தார்.

"'உறுப்பினர் அவையில் இல்லை'ன்னாரு பாரு, அந்த இடத்துலதான்மா நான் சிரிச்சேன்."